கீறல் விழாத இலைக்கட்டு

ஓட்டலுக்கு வாழையிலை அனுப்பும் நாற்பது பெண்களின் குழுத்தலைவி நேசபாய், கோட்டாற்றிலுள்ள நிஸ்ரினின் துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்து, நாற்காலியில் அமருமுன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எங்க இலைக்கட்டில பிளாஸ்டிக் கயிறு கிடந்துதாம். இனி இலை வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வாழைநாரத் தவிர நாங்க வேற ஒண்ணுல கட்டுகது இல்ல, மக்களே."

கன்னியாகுமரியிலிருந்த அந்த ஓட்டல், முப்பது கிலோமீட்டருக்குள் விளைவதையே வாங்குவதாகவும், பிளாஸ்டிக்கை வாசலுக்குள் விடுவதில்லை என்றும் விருந்தினருக்கு வாக்களித்திருந்தது. அதைச் சோதித்துச் சான்று வழங்க வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் பழி நீங்காவிட்டால் நாற்பது வீட்டிலும் வேலை போய்விடும்.

நிஸ்ரினின் ஆட்டோ ஓட்டுநரும், தம்மைத் தாமே உதவியாளராக நியமித்துக்கொண்டவருமான ரத்தினத்துக்கு வழக்கு அப்போதே தீர்ந்துவிட்டது. "குழுவில ஒருத்தி செஞ்ச வேலையாக்கும், மேடம்."

"எந்த ஒருத்தி? பேரச் சொல்லும் ஓய்!" என்றார் நேசபாய்.

ரத்தினம் ஆட்டோவைக் கிளப்பப் போய்விட்டார்.

நேசபாயையும் ஏற்றிக்கொண்டு, முதலில் குழுவின் வாழைத்தோப்பு இருந்த தோவாளைக்குப் போனார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாய்ந்த ஆடிக் காற்றில் ஆட்டோ ஒருபக்கம் சாய்ந்தே ஓடியது. தோப்பில் விரிந்த இலை ஒவ்வொன்றும் சீப்புப் பற்களாகக் கிழிந்து படபடத்தது. குழுப் பெண் ஒருத்தி விரியாத குருத்துகளை அறுத்துக்கொண்டிருந்தாள். நிஸ்ரின் இறங்கினார், பார்த்தார், மறுபடி ஏறிக்கொண்டார். இதற்கு டீசலைச் செலவழித்திருக்க வேண்டாம் என்று ரத்தினத்துக்குத் தோன்றியது.

ஓட்டலின் சரக்கறையில் மேலாளர் முஹம்மது ஷரீஃபும் தலைமைச் சமையல்காரர் ஸ்ரீஜித்தும் காத்திருந்தனர். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண விருந்தில் மிஞ்சிய கட்டு தரையில் கிடந்தது. அதைச் சுற்றி நீலக் கயிறு. கயிற்றில் குழுவின் பெயர் அட்டை.

"இலைன்னா இதுல்லா இலை!" என்றார் ரத்தினம். "எம்மாம் பெருசு! ஒரு கீறல் உண்டா பாருங்க."

"ரத்தினம் அண்ணன் கண்டுபிடிச்சிட்டாரு" என்றார் நிஸ்ரின்.

எதைக் கண்டுபிடித்தோம் என்று தெரியாமலே ரத்தினம் நிமிர்ந்து நின்றார்.

"இந்தக் காத்தில, தோவாளையில விரிஞ்ச இலை கீறாம இருக்குமா? அங்க இப்ப குருத்தத்தான் அறுக்காங்க."

"ஆடியில எப்பவும் சின்ன இலைதானே அனுப்புகோம்" என்றார் நேசபாய்.

"அப்ப இது காத்து எட்டாத ஏதோ ஊர்லேருந்து லாரியில வந்தது. கயிறும் கூடவே வந்திருக்கு."

"பொறவு அந்த அட்டை?" ரத்தினத்தால் பொறுக்க முடியவில்லை.

"பழைய கட்டிலேருந்து எடுத்து மாட்டினது. சின்ன இலைய வச்சு விருந்து பரிமாற முடியாம தவிச்ச ஆளு இங்க ஒருத்தர்தான்."

ஸ்ரீஜித் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க பெரிய இலைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க, சார். வெளியூர் இலைன்னு தெரியக்கூடாதுன்னு அட்டைய மாட்டினேன். கயிற மாத்தணும்னு தோணல. அகப்பட்ட பிறகு வாய் தெறக்கப் பயம்."

மேலாளரின் முகம் சுருங்கியது. "வெள்ளிக்கிழமை வாறவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"நடந்ததச் சொல்லுங்க" என்றார் நிஸ்ரின்.

ஷரீஃப் நேசபாயிடம் திரும்பினார். "மன்னிச்சிருங்கக்கா. நாளைக்கு இலை அனுப்புவியளா?"

"பழி நாப்பது பேருக்கும், மன்னிப்பு எனக்கு மட்டுமா, சார்? வெளிய வண்டி நிக்கி, தோவாளைக்கு வாங்க."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ஸ்ரீஜித்தையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். பின்சீட்டில் நேசபாய்க்கும் நிஸ்ரினுக்கும் நடுவே அவர் இடுங்கி அமர்ந்தார். ஸ்ரீஜித் ரத்தினத்தின் அருகே ஒண்டிக்கொண்டார். சுசீந்திரம் தாண்டியதும் ஷரீஃப் நேசபாயிடம் கேட்டார்.

"நாப்பது பேரும் இப்ப இருப்பாவளாக்கா?"

"இருப்பாவ" என்றார் நேசபாய். "ஒருத்திகூட குறைய மாட்டா."