சந்தனம் விட்டுப்போன வரி

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சலித்துக்கொள்கிறவர்கள் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் மட்டும் பயபக்தியோடு கழற்றி வைக்கிறார்கள், காலம் அப்படி. முதலிபாளையத்து பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்த ஆறுச்சாமிக்கு அந்த ரூமைக் கண்டாலே ஆகாது. அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த, அவரை அண்ணா என்றே கூப்பிட்ட சந்தனம் பல்லடம் ரோட்டில் பஸ் மோதிச் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த நாற்காலியில் இப்போது ஆறுச்சாமியின் ஒரே மகள் மயிலாள்.

அன்று மதியம் அவள் சொன்னது சின்ன விஷயம்தான். பேக்கிங் லிஸ்ட்டின் அடியில் தன் பெயரை அடித்தால் சந்தனத்தின் பெயர் விழுகிறதாம்.

கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரன் கிட்டுசாமி சிரித்தான். இரண்டெழுத்து தட்டினால் முழு வரியும் வருகிற மாதிரி சந்தனம் டைப் அடிக்கும் புரோகிராமான எடிட்டரில் செட்டிங் செய்து வைத்திருந்தானாம். அதெல்லாம் பழைய கம்ப்யூட்டர் மொழி. புது எடிட்டருக்காக வேறு மொழியில் மாற்றி எழுதியபோது அவன் பெயரும் கூடவே வந்துவிட்டதாம். அந்த வரியை அழித்தான்.

மறுபடியும் சந்தனம்.

செட்டிங் மொத்தத்தையும் எடுத்துவிட்டான். அப்போதும் அதே பெயர். சாயத்தண்ணீர் வாடை கதவிடுக்கில் கசிந்துவர, ஏசியின் முனகலுக்கு அடியில், ஓட்டின் மேல் மழை விழுகிற மாதிரி மயிலாளின் விரல்கள் விடாமல் தட்டிக்கொண்டிருந்தன. கிட்டுசாமி இப்போது திரையைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்தான். சிரிப்பு போயிருந்தது.

"மிஷின்ல ஒண்ணுமில்லீங்க," என்றான் மெதுவாக. "பாப்பா விரலே அவன் பேரத்தான் அடிக்குதுங்க."

ஸ்விட்சை அணைத்தான். திரை கறுத்தது. விரல்கள் நிற்கவில்லை. வாசலில் நின்றிருந்த ஆறுச்சாமி உள்ளே வந்தார்.

"மயிலா, எந்திரி கண்ணு. ஊட்டுக்குப் போலாம்."

அவள் திரும்பவில்லை.

தோளைத் தொட்டார். சில்லென்றிருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டார். தட்டல். தட்டல். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

"சந்தனம்."

விரல்கள் நின்றன. முகம் திரும்பியது. மகளின் முகம். மகளின் குரல். பேச்சு வந்த நாளிலிருந்து அவரை அப்பா என்றே கூப்பிட்ட வாய்.

"ஏனுங்ணா?"

அசதியாக இருக்கும், ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும் என்று கிட்டுசாமி என்னவோ சொன்னான். ஆறுச்சாமி கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி நடந்தார். உள்ளே உட்கார்ந்திருப்பது மயிலாள்தான் என்று யார் சொன்னாலும் அவர் நம்புவதாக இல்லை.

"இருங்ணா, நானும் வர்றனுங்க," என்றபடி பின்னால் அது வந்துகொண்டிருந்தது.