மூன்று கிண்ணம் அகார்-அகார்

திங்கட்கிழமை காலை. சபைகூடலில் வரிசைகள் எல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தன. இருபத்து மூன்று பேர் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே கதைதான்: வாந்தி, வயிற்றுப்போக்கு, அம்மா கரைத்துக் கொடுத்த உப்புத் தண்ணீர்.

சனிக்கிழமை விளையாட்டுப் போட்டியில் ஓடிக் கோப்பை வாங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிப்பறைக்கு ஓடினார்கள். அதற்குக் கோப்பை கிடையாது, பாவம்.

தோட்டத்துச் சின்னப் பள்ளி என்பதால் செய்தி பரவ நேரமாகவில்லை. "மேகி ஆன்ட்டியோட நாசி லெமாக்தான் காரணம்" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பத்து மணிக்குள் பள்ளி முழுவதும் அதையே பேசியது.

மேகி ஆன்ட்டி எட்டு வருடமாகப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நடத்துகிறவர். சனிக்கிழமை போட்டியில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கையும் சில்லென்ற ரோஜா சிரப்பையும் விற்றதும் அவர்தான். சுகாதார அலுவலகத்திலிருந்து இருவர் வந்து கரண்டி, பலகை, குழாய் எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துப் போனார்கள். தலைமையாசிரியர் கதவைப் பூட்டினார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது.

ஆன்ட்டியின் மகன் டெரல் ஐந்தாம் ஆண்டில் படித்தான். அதே வகுப்புத் தனேஸ்வரிக்குப் பக்கத்து நாற்காலி. அன்று அவனைக் கண்டதும் இரண்டு பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேசையைத் தள்ளிப் போட்டார்கள். டெரல் அழிப்பானைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

தனேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நானும் அதே நாசி லெமாக்தான் சாப்ட்டேன். ரெண்டு பொட்டலம்! எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒனக்கு வயிறா அது? லோரி டேங்க்லா!" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

தனேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. இரண்டு பொட்டலம் சாப்பிட்டவள் நன்றாக இருக்கிறாள். அப்படியானால் மற்றவர்களைப் படுக்க வைத்தது எது?

மறுநாள் பலர் வெளிறிய முகத்தோடு பள்ளிக்குத் திரும்பினார்கள். தனேஸ்வரி நோட்டும் பென்சிலுமாக ஒவ்வொருவரையும் பிடித்தாள். படுக்காதவர்களையும் விடவில்லை. வராதவர்களுக்கு அம்மாவின் கைப்பேசியிலிருந்து அழைத்தாள்.

"என்னா சாப்ட்ட? என்னா குடிச்ச? எத்தன மணிக்கு?"

"நீ என்னா, போலீஸா?" என்றாள் நித்தியா.

"போலீஸ் மாதிரிதான். சொல்லு."

சாயங்காலம் நோட்டைப் பார்த்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. படுத்த இருபத்து மூன்று பேரில் ஏழு பேர் நாசி லெமாக்கைத் தொடவே இல்லை. ஆனால் இருபத்து மூன்று பேரும் சிரப் குடித்திருந்தார்கள். அதுவும் பத்து மணிக்குப் பிறகு. பத்து மணிக்கு முன்னால் குடித்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தனேஸ்வரி சிரப் பக்கமே போகவில்லை. சொத்தைப் பல்லில் ஐஸ் தண்ணீர் பட்டால் உயிர் போகும்.

நோட்டைப் பார்த்த டெரலின் முகம் இன்னும் சுருங்கியது. "சிரப்பும் எங்கம்மாதான் கலக்குனாங்க."

"பத்து மணிக்கு என்னா மாறுச்சு? நல்லா யோசி."

டெரல் யோசித்தான். "மொத பானையும் ரெண்டாவது பானையும் ஒரே மாதிரிதான். கொதிக்க வச்ச தண்ணி, அதே சீனி..." சட்டென்று நிறுத்தினான். "எங்க ஐஸ் முடிஞ்சிருச்சு. அப்பறம் உங்கப்பாதான் நீலப் பெட்டியில ஐஸ் கொண்டாந்தாரு."

தனேஸ்வரிக்குச் சனிக்கிழமை கண்முன் வந்தது. அப்பா சேது மீன் லோரி ஓட்டுகிறவர். பிள்ளைகள் வெயிலில் வாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சுங்கை செம்பிலாங் படகுத்துறையிலிருந்து ஒரு பெட்டி ஐஸை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். தனேஸ்வரி எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

"விடு தனா. யார்கிட்டயும் சொல்லாத. உங்கப்பா பாவம்" என்றான் டெரல்.

"உங்கம்மா பாவம் இல்லியா?"

டெரல் நோட்டை மூடி அவளிடம் நீட்டினான்.

"ஐஸ்தானான்னு மொதல்ல பாத்துருவோம்" என்றாள் தனேஸ்வரி. போன தீபாவளிக்கு அம்மா கடற்பாசி காய்ச்சிச் செய்த அகார்-அகார் இனிப்பில் ஒரு கிண்ணத்தை அலமாரியில் மறந்து விட்டார்கள். மூன்றாம் நாள் அதன்மேல் புள்ளி புள்ளியாக ஏதோ முளைத்திருந்தது. நமக்குப் பிடித்த இனிப்பு கிருமிக்கும் பிடித்திருந்தது!

மறுநாள் காலை, அகார்-அகாரில் ஐஸ் தண்ணீரை விட்டுக் கிருமி முளைக்கிறதா என்று பார்க்கும் அவள் திட்டத்தைக் கேட்டதும் அறிவியல் ஆசிரியை திலகா டீச்சர் கண்ணை அகல விரித்தார். "நல்ல யோசனைலா! சீனி வேணாம், கோழி சூப் ஊத்திக் காய்ச்சு. ஒரு தடவ மூடுன கிண்ணத்தத் திறக்கவே கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

மேகி ஆன்ட்டி எதையும் வீணாக்காதவர். மிச்சமிருந்த நீலப் பெட்டி ஐஸை ஒரு பையில் கட்டி வீட்டு ஃபிரிஜின் ஐஸ் அறையில் வைத்திருந்தார். அதில் ஒரு துண்டு உருகிய தண்ணீர் முதல் கிண்ணத்துக்கு. ஆன்ட்டி தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துச் செய்த ஐஸ் இரண்டாவதுக்கு. மூன்றாவதில் ஒன்றும் விடவில்லை. மூடியை நாடா சுற்றி ஒட்டி, அறிவியல் அறை அலமாரியில் வைத்தார்கள்.

காத்திருந்த நேரத்தில் தனேஸ்வரி ஒரு கணக்குப் போட்டாள். கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியுமாம். ஒன்று இரண்டு, இரண்டு நான்கு, நான்கு எட்டு... ஏழு மணி நேரத்தில் இரண்டு மில்லியனைத் தாண்டியது. அவள் போய்க் கையை இன்னொரு முறை கழுவிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அலமாரியைத் திறந்தார்கள். இரண்டாவது கிண்ணம் கண்ணாடி போல் இருந்தது. மூன்றாவதும் அப்படித்தான். முதல் கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், ஜவ்வரிசியைக் கொட்டியது போல.

டெரல் துள்ளிக் குதித்தான். பிறகு தனேஸ்வரியைப் பார்த்துவிட்டுக் குதிப்பதை நிறுத்திக்கொண்டான்.

"கிருமி இருக்குன்னு இது சொல்லுது. என்னா கிருமின்னு சொல்லாது. அத லேப்தான் கண்டுபிடிக்கணும்" என்றார் டீச்சர். மிச்ச ஐஸை எடுத்துப் போகச் சொல்லிச் சுகாதார அலுவலகத்துக்கு உடனே தகவல் கொடுத்தார்.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். வாயாடி தனேஸ்வரி அன்று சாயங்காலம் நோட்டை மூன்று முறை எடுத்து, மூன்று முறை பையில் வைத்தாள். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு தேநீரோடு உட்கார்ந்ததும், நோட்டை அவர் முன் வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அப்பாவின் முகம் சிவந்தது. "ஐஸ்ல எப்படி கிருமி வரும்? அந்தக் குளுர்ல எல்லாம் செத்துப் போயிரும்லா!"

"மீன ஏன்ப்பா ஐஸ்ல போடுறீங்க?"

"கெட்டுப் போகாம இருக்கத்தான்."

"அப்பறம் வெளிய எடுத்து வெயில்ல வச்சா?"

"கொஞ்ச நேரத்துல நாறிப்போயிரும்..." அப்பாவின் குரல் இறங்கியது.

"அப்ப அது சாகலப்பா. தூங்கிக்கிட்டு இருந்துச்சு. வெயில்ல சிரப்போட சேந்து முழிச்சிக்கிச்சு."

அப்பா தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். "அது மீனுக்குப் போடுற ஐஸ். குடிக்கிற தண்ணியில செஞ்சது இல்ல. பெட்டியக் கழுவுனேன். அது போதும்னு நெனச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னார், "எவ்ளோ பிள்ளைங்களப் படுக்க வச்சிட்டேன்."

"நல்லதுக்குத்தானப்பா செஞ்சீங்க" என்று தனேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. மேகி ஆன்ட்டி கடைசி வரிசையில் கைக்குட்டையைக் கசக்கியபடி இருந்தார். புது ஆளை வைப்பது பற்றித் தலைமையாசிரியர் தொடங்குவதற்குள் தனேஸ்வரி கையைத் தூக்கினாள்.

"சார், நான் ஒண்ணு காட்டணும்."

முன்னால் போய் நோட்டைப் படித்தாள். மூடிய கிண்ணங்களைத் தூக்கிக் காட்டினாள்.  புள்ளிக் கிண்ணத்தைப் பார்த்துப் பெற்றோர் 'அம்மாடியோ' என்றதும் அவள் குரல் இன்னும் உயர்ந்தது.

"சரி, அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

தனேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். அவள் வாய் திறக்குமுன் அப்பா எழுந்து நின்றார்.

"நான் கொண்டாந்தது சார். மீன் ஐஸ். தெரியாம செஞ்சிட்டேன், எல்லாரும் மன்னிக்கணும். மேகிம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

 மேகி ஆன்ட்டி அழுதுகொண்டே சிரித்தார். "நானும்தான யோசிக்காம பானையில போட்டேன், சேதுண்ணே!" என்றார். யாரோ கை தட்டினார்கள். அடுத்த நொடி கூரையே அதிர்ந்தது. தனேஸ்வரிக்கு அப்பாவை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. சிற்றுண்டிச்சாலையில் துடைத்து எடுத்ததில் நோய்க்கிருமி எதுவுமில்லை. ஐஸில் இருந்ததை வளர்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, இன்னும் பல சோதனைகள் செய்து பெயரும் கண்டுபிடித்திருந்தார்கள்: ஈ. கோலி. குடலில் வாழும் பாக்டீரியா. அதில் பல வகைகள் சாது. இது பொல்லாத வகை. படுத்தவர்களிடம் எடுத்த மாதிரிகளிலும் இதுவே இருந்தது. படகுத்துறையில் மீன் ஐஸ் பெட்டிகள் எல்லாவற்றிலும் 'குடிப்பதற்கு அல்ல' என்று சிவப்பு எழுத்தில் எழுதினார்கள். எழுதியவர் அப்பா.

மறுநாளே பூட்டு திறந்தது. இடைவேளை மணி அடித்ததும் வரிசை திடல் வரை நீண்டது. மூக்கைப் பொத்திய இரண்டு பையன்களும் முதல் ஆளாகக் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார்கள். டெரல் அம்மாவோடு நின்று பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தான்.

கடைசியாக வந்தவர் தலைமையாசிரியர். "மேகி, எனக்கு ஒரு நாசி லெமாக்."

ஆன்ட்டி காலிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினார். "எல்லாம் முடிஞ்சிருச்சு சார். நாளைக்கு வெள்ளனவே வந்து வரிசையில நில்லுங்க!"

டெரல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் முதன்முறையாக அப்படிச் சிரித்தது அன்றுதான்.