இடது பின் மூலை

அன்று காரில் இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டியரிங்கில் மச்சான். அவருக்குப் பக்கத்தில், முன்சீட்டில், அவன். மச்சானுக்கு நேர் பின்னால் அவனுடைய மனைவி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். இடது பின் சீட்டில் யாரும் இல்லை. ஒரு கைப்பை கூட இல்லை. வண்டி தாழ்ந்திருந்ததோ அந்த மூலையில்தான்.

மனைவியின் அண்ணனான மச்சான் அந்தப் பதினேழு வயதுக் காரை முந்தின வாரம்தான் வாங்கியிருந்தார். புதுச் சாம்பல் நிறப் பெயின்ட், புது சீட் உறை.

"இடது பக்கம் சாயற மாதிரி இருக்கு மாப்பிள்ளை. இல்ல, என் கண்ணுதான் சாயுதா?"

"உன் கண்ணு பொறந்ததுலேருந்தே சாஞ்சதுதானேண்ணா," என்றாள் பின்னாலிருந்து அவள். "ஒழுங்கா இருந்தா இந்த வண்டிய வாங்கியிருப்பியா?"

இருவரும் சிரித்தார்கள். அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் மற்ற மூன்று மூலைகளும் எழுந்து அமர்ந்த பிறகு, இடது பின் மூலை மட்டும் ஒரு நொடி தாமதித்து, தூக்கிப் போடப்பட்ட ஒருவர் நகர்ந்து மறுபடி ஒழுங்காக உட்காருவதைப் போல, சீட்டுக்குள் கம்பி முனகுவதும் துணியோடு துணி உரசுவதுமாக ஒரு சத்தம் கொடுத்தது. அதோடு ஒரு வாடை. குட்டையில் தேங்கிய நீரின் பச்சை வாடை. மழைக்காலத்தில் பழைய வண்டிக்குள் ஈரவாடை வராமலா இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

வட்டாரத்தில் அவனை, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி நிற்கும் உயரத்தில் நூல் பிசகினாலும் விடமாட்டான் என்று பெயர். வீட்டை ஒட்டிய பட்டறையில் காரை நிறுத்தி, மச்சானை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, அவன் முறைப்படி ஆரம்பித்தான். முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சமப்படுத்தினான். வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஒவ்வொரு மூலையையும் மூன்று முறை அழுத்திக் குலுக்கி, தானாக அடங்க விட்டான். தரையிலிருந்து அளந்தால் டயர் ஏமாற்றும். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை அளக்க வேண்டும். முன்னால் இரண்டு பக்கமும் முந்நூற்று எண்பத்தைந்து மில்லிமீட்டர். பின்னால் வலது, முந்நூற்று எழுபத்திரண்டு. பின்னால் இடது, முந்நூற்று நாற்பத்தெட்டு.

இருபத்து நான்கு மில்லிமீட்டர் தாழ்வு. நோட்டில் எழுதிக்கொண்டான்.

முன்னால் ஒரு மூலை தளர்ந்தாலும் பின்னால் சாய்வு தெரியும். அதனால் வண்டியின் முன்பக்கத்தை நட்ட நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தான். சாய்வு போகவில்லை. ஆக, குறை பின்னால்தான். இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான், ஒரே உயரம். இடதை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிப் பூட்டினான். ஸ்பிரிங்கில் குறையிருந்தால் சாய்வும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ், அச்சு, ஸ்பிரிங் உட்காரும் தட்டு, எதிலும் பழுதில்லை. ஆள் ஒருவர் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறங்கி, அந்த மூலை அப்படியே இருந்தது.

வளைவின் விளிம்பில் விரலை ஓட்டினான். புதுப் பெயின்டின் கீழ் சின்னக் குழி ஒன்று நகத்தில் தட்டுப்பட்டது.

கை தானாகப் பின்வாங்கியது.

அடுத்த முறையும் அதே இடத்திலிருந்து அளப்பதற்காக, தன்னிடம் வரும் வண்டியின் வளைவில் உளிமுனையால் ஒரு புள்ளி குத்திவைப்பது அவன் வழக்கம். வேறு எந்த மெக்கானிக்கும் அதைச் செய்வதில்லை. அப்போது இந்த வண்டி வெள்ளையாக இருந்தது. தையல் டீச்சருடையது.

மருந்து விற்பனையாளரான கணவர் வண்டி ஓட்டுவார். முன்சீட்டில் அவருடைய மருந்துப் பெட்டிகள் இருக்கும். டீச்சர் எப்போதும் இடது பின் சீட்டில். மூன்று வருடத்துக்கு முன் இதே மூலை தாழ்ந்திருக்கிறது என்று கொண்டுவந்தார்கள். ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றில் மயிரிழை விரிசல் இருந்தது. புதியது வர ஒரு வாரம் ஆகும். ரசமட்டம் கையில் வந்த வண்டி சாய்ந்தபடி திரும்பிப் போனால் ஊர் என்ன சொல்லும்? சுற்றுகளுக்கு இடையே ரப்பர்க் கட்டையைச் செருகி உயரத்தைச் சமமாக்கினான். விரிசலைப் பற்றி மூச்சு விடவில்லை.

"சரியாயிடுச்சா தம்பி? பயமில்லாம போலாமா?"

"எல்லாம் சரியாயிடுச்சு டீச்சர். நீங்க எப்பவும் ஒரே பக்கமா உக்கார்றீங்கல்ல, அதான் இறங்கிடுச்சு."

"நான் என்ன யானையா?" என்று அவர் சிரித்தார்.

மூன்றாம் நாள் ஏரிக்கரை வளைவில் அது முறிந்து, வண்டி ஏரிக்குள் பாய்ந்தது. கணவர் கண்ணாடி வழியே வெளியே வந்துவிட்டார். டீச்சர் வரவில்லை. வண்டியை இழுத்துவர அனுப்பப்பட்டவனும் அவன்தான். வண்டியைச் சோதிக்கும் அதிகாரி வருவதற்குள் முறிந்ததைக் கழற்றி வேறு ஸ்பிரிங் பூட்டி, 'வண்டியில் குறை ஏதுமில்லை, அதிவேகமே காரணம்' என்று கைப்பட எழுதிக்கொடுத்தான். அந்த ஒரு தாளை வைத்துக் கணவருக்கு ஏழு வருடச் சிறை. இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

மனைவி டீ கொண்டுவந்திருந்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, கால் வலிக்கிறது என்று சொல்லியபடியே காரின் கதவைத் திறந்தாள். இடது பின் கதவை.

"அதுல உக்காராத!"

அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். அவன் கண் வளைவின் விளிம்பில் இருந்தது. ஒரு ஆள் ஏறினால் மூலை இறங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூட இறங்கவில்லை.

"சீட்டு சில்லுனு இருக்கு," என்றாள். கொஞ்சம் நெளிந்தாள். "ஏங்க... மடி கனக்குது."

அவளை இழுத்து வெளியே கொண்டுவந்தான். கார் மெதுவாக, ஒரு பெருமூச்சு விட்டதைப் போல, எழுந்து சமமாக நின்றது. அளந்து பார்த்தான். முந்நூற்று எழுபத்திரண்டு. அச்சுப் பிசகாத சமம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சமத்தை அவன் நோட்டில் எழுதவில்லை.

மறுநாள் காலை அவள் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. டாக்டர் வந்தார், முழங்காலைத் தட்டினார், நரம்புக் களைப்பு என்று மாத்திரை எழுதினார். மச்சான் வந்து தங்கையின் காலடியில் உட்கார்ந்தார்.

"மடியில கனமிருந்தா வழியிலதானே பயம்? உனக்கு வீட்டுக்குள்ளயேவா?" என்று அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை, நீ ஏன் இப்படி வேர்த்துக்கொட்டற?" என்றார். அவன் மாத்திரைச் சீட்டை அவர் கையில் திணித்தான். மச்சான் மாத்திரை வாங்கக் கிளம்பினார்.

அவர் போனதும் அவன் அவளுடைய மடியைப் பார்த்தான். புடவை இரு தொடைகளின்மேலும் தட்டையாக அழுந்தியிருந்தது. கொசுவம் நசுங்கியிருந்தது. அழுந்திய இடத்தின் ஓரமாக ஈரம், கால்விரல் நுனி வரை சொட்டி, சிமென்ட் தரையில் பச்சையாகப் படர்ந்துகொண்டிருந்தது. மதிய வெயில் ஜன்னல் வழியே அறை முழுக்க விழுந்தது. அவள் மடியின்மேல் மட்டும் விழவில்லை.

"முதுகக் காட்டி உக்காந்திருக்காங்க," என்றாள் மெதுவாக. "யாருன்னு தெரியல. உங்களத்தான் பாக்கறாங்க."

அவன் மேஜைக்கு ஓடினான். பள்ளியில் படித்த முறைப்படி அனுப்புநர், பெறுநர் எழுதி, பொருள் என்று போட்டு, நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் தொடங்கினான். 'மேற்படி வாகனத்தில் சிறு குறை இருந்திருக்கக்கூடும் எனப் பணிவுடன்...'

பின்னால் நாற்காலியின் கால் மளுக்கென்றது. மனைவி அலறினாள். அவள் முழங்கால்கள் கீழே கீழே அழுந்தின.

"இருந்திருக்கக்கூடும்னு இல்ல!" அவன் தாளைக் கிழித்தான். "இருந்துச்சு. இருந்துச்சு டீச்சர். அவள விட்டுடுங்க."

கனம் அப்படியே நின்றது. குறையவுமில்லை, கூடவுமில்லை. காத்திருந்தது.

அவனை எங்கே உட்காரச் சொல்லிக் காத்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தாளையும் எழுதும் அட்டையையும் பேனாவையும் தபால் உறையையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். தெருவைப் பார்த்து நின்ற அந்தக் காரின் இடது பின் கதவைத் திறந்தான். உட்கார்ந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முன்சீட்டின் முதுகில் அட்டையைச் சாய்த்து எழுதினான். விரிசலை எழுதினான். ரப்பர்க் கட்டையை எழுதினான். டீச்சர் கேட்டதை, தான் சொன்னதை, அவர் சிரித்ததை எழுதினான். இரவோடிரவாக ஸ்பிரிங்கை மாற்றியதை எழுதினான். 'ஓட்டியவர் மேல் குற்றமில்லை. குற்றம் என்னுடையது.' தேதி. கையெழுத்து.

தாளிலிருந்து பேனாவை எடுத்ததும் கார் இறங்கியது.

மெதுவாக. இடது பின் மூலை மட்டும். வெளியே கதவருகே ஈரக்கால் தடம் எதுவும் இல்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் உள்ளே ஏறியாகிவிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல். "ஏங்க! எந்திரிச்சிட்டேன்! கனம் போயிடுச்சுங்க!"

அவன் தொடைகள் சீட்டோடு அழுந்தின. முதலில் குளிர். பிறகு எலும்பு வரை பாரம். நகரப் பார்த்தான். முடியவில்லை.

அவள் ஓடிவந்தாள், காலையிலிருந்து நடக்காத காலோடு, அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே. அவன் பாதி இறங்கியிருந்த கண்ணாடி வழியாகக் கடிதத்தை நீட்டினான். உறையின் பசையை நனைக்க அவன் வாயில் எச்சில் இல்லை.

"இத ஒட்டி, பெட்டியில போட்டுட்டு வா. படிக்காத. உடனே போடு."

"நீங்க வாங்களேன், சேந்து போவோம்."

"நீ போ."

அவள் நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் முனையிலிருந்து முனை வரை அழுத்தி ஒட்டினாள். தெருவைக் கடந்தாள். எதிர்ப்புற நடைபாதையில் சிவப்புத் தபால்பெட்டி. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டுவிட்டால் போதும். போட்டுவிட்டால் இது இறங்கிவிடும். இறங்கித்தான் ஆகவேண்டும்.

அவள் கை உயர்ந்தது. உறை உள்ளே விழுந்தது.

கனம் இறங்கவில்லை.

நெஞ்சின்மேல் சாய்ந்தது. அவன் தாடைக்குக் கீழே ஈரமுடி. சில்லென்ற முதுகு, வசதியாக, நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்து. பக்கத்தில் சீட் பெல்ட் தானாக நீண்டு வந்தது. இருவருக்குப் போதுமான நீளம். கிளிக்.

மனைவி திரும்பினாள். கை வீசிச் சிரித்தாள். அவள் பார்வை அவன் முகத்துக்கு வரவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் முன்னால் நின்றது. உயர்த்திய கை அப்படியே நின்றது.

"ஏங்க," என்றாள் தெருவின் மறுபக்கத்திலிருந்து. "உங்க மடியில யாரு?"