கொரொசோல் குடாவில் ஒரு கதவு

வெர்னிஸ் பெலாந்த்ரா தீவில் வந்து இறங்கியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. படகுத்துறையில் ஹூபர்ட் காஸ்பார் குடையை விரித்தபடியே நின்றார். பெரிய தீவிலிருந்து சுற்றுலாக் கப்பல் கம்பெனியின் ஆள் வருகிறாள் என்றால் அவர் வராமல் இருப்பாரா? தீவில் பாதி நிலம் அவர் பெயரில் இருந்தது. மீதிப் பாதியிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

"வா டார்லிங், வா! பயணம் எப்படி? அலை ரொம்பப் பொரட்டிடுச்சா?" என்று அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "கப்பல் எங்க நிக்கணும்னு நீ கை காட்டு. மத்ததெல்லாம் என் பொறுப்பு."

குளிர்காலம் தொடங்கியதும் கப்பல்கள் இந்தப் பக்கம் வரும். தீவின் துறை சின்னது. கப்பல் வெளியே நங்கூரம் போடும், பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். அதற்குத் தோதான குடா எது, பந்தல் எங்கே, உடை மாற்றும் அறை எங்கே என்று திட்டம் போட்டுக் கொடுப்பது வெர்னிஸின் வேலை. கடல் வரைபடத்தைப் பார்த்தபோதே அவள் இடத்தைத் தேர்ந்துவிட்டாள். பவளப் பாறையில்லாத, ஆழமும் அமைதியும் உள்ள கொரொசோல் குடா.

மறுநாள் காலை, ஹூபர்ட் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னாள். ஹூபர்ட் கையிலிருந்த கருவாட்டுத் துண்டு வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

"அங்க வேணாம்."

"ஏன் மிஸ்டர் ஹூபர்ட்? அதைவிட நல்ல கரை இந்தத் தீவுல கிடையாதே."

"மஞ்சினீல் மரம் நெறைய. மழை பேஞ்சா அந்த இலையிலேர்ந்து சொட்டுற தண்ணி பட்டாலே தோல் வெந்துபோகும். வெள்ளைக்காரன் எவனாவது அதுக்கடியில ஒதுங்கினா உன் கம்பெனி கேஸுக்கு அலையணும்."

"மரத்துக்கெல்லாம் செவப்புப் பட்டை அடிச்சிடலாம். எல்லாத் தீவுலயும் அதானே செய்யறாங்க?"

அவர் கருவாட்டை வாயில் போட்டு மென்றார். பாழாகக் கிடக்கும் அந்தக் கரை அவருடையதுதான். கப்பல் வந்தால் அது பொன்னாகும். ஆசை மெல்ல மெல்லப் பயத்தின் மேல் ஏறி உட்காருவதை அவள் அவர் முகத்திலேயே பார்த்தாள்.

"சரி. எல்ரிக் கூட்டிட்டுப் போவான். நான் வர மாட்டேன்."

எல்ரிக் அறுபது தாண்டிய படகோட்டி. ஒல்லி. முன்பல் ஒன்று இல்லை. வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினார்.

"மிஸ், கப்பல்ல வர்றவங்க எல்லாரும் எறா மாதிரி செவந்து போவாங்களாமே? அவிச்சு எடுத்த மாதிரி?"

"எண்ணெய் பூசலேன்னா அப்படித்தான் அங்கிள்."

சிரித்தார். குடாவின் முனையைச் சுற்றித் திரும்பியதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. படகை மணலில் ஏற்றிவிட்டு, "போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

உச்சி வெயில். காற்று செத்துக் கிடந்தது. கடல், தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. வெர்னிஸ் கரையை அளந்துகொண்டே நடந்தாள். பாதி தூரம் போனதும் ஒரு வாடை மூக்கில் ஏறியது.

கரிந்த ஓலை வாடை. அதற்குள் இன்னொன்று. முடி பொசுங்கும் வாடை.

கடல்திராட்சை மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கட்டம் போட்ட மெட்ராஸ் துணியில் தலைக்கட்டு. வயது முப்பதுக்குள் இருக்கும். அவள் எப்போது வந்தாள் என்று வெர்னிஸுக்குத் தெரியவில்லை.

"தண்ணி இருக்கா?" என்றாள். தொண்டை வறண்ட குரல்.

வெர்னிஸ் தன் புட்டியைக் கொடுத்தாள். அந்தப் பெண் அண்ணாந்து குடித்தாள். நெடுநேரம் குடித்தாள். ஆனால் அவள் தொண்டை அசையவில்லை.

"ஜனங்க நெறைய வருவாங்களோ?"

"ஒரு கப்பல் நெறைய வருவாங்க."

"உடுப்பு மாத்த ரூம் கட்டுவீங்களா?"

"கட்டுவோம். அதோ, அந்த மேட்டுல."

"என் வீடு இருந்த இடம்" என்றாள் அவள், கோபமில்லாமல். "கதவு வைப்பீங்கதானே?"

"கதவில்லாம எப்படி?"

"தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

வெர்னிஸ் சிரித்துவிட்டாள். "உள்பக்கம்தாங்க. வெளிப்பக்கம் யாராவது போடுவாங்களா?"

"எனக்குப் போட்டானே."

"யாரு?"

"ஹூபர்ட்டு. அவனை இங்க வரச் சொல்லு."

வெர்னிஸ் திகைத்து ஹூபர்ட்டின் வீடு இருக்கும் திசையைப் பார்த்தாள். ஒரு நொடிதான். திரும்பியபோது மரத்தடியில் யாரும் இல்லை. புட்டி மணலில் கிடந்தது. எடுத்தாள். எடுத்த வேகத்தில் கீழே போட்டாள்.

புட்டி நிறையத் தண்ணீர். கொதித்துக்கொண்டிருந்தது.

படகில் ஏறியதும் அவள் எல்ரிக்கிடம், "இங்க யார் அங்கிள் குடியிருந்தாங்க?" என்று கேட்டாள்.

"நாங்கதான்" என்றார். "மீன்பிடிக்கறவங்க. மிஸ்டர் ஹூபர்ட்டு அப்பவே இங்க ஹோட்டல் கட்டணும்னு நின்னாரு. நாங்க எடத்தைக் காலி பண்ண மாட்டோம்னுட்டோம். முப்பது வருஷம் ஆச்சு. மீன்பிடிக்கறவங்க கும்பிடற இராயப்பர் திருநாளன்னிக்கு, 'பகை வேணாம்டா, எல்லாரும் என் படகுல விருந்துக்கு வாங்க'ன்னு கூப்பிட்டாரு. போனோம். நடுவுல சாராயம் எடுத்துட்டு வரேன்னு அவரு மட்டும் சின்னப் படகுல கரைக்குப் போயிட்டு வந்தாரு. நாங்க திரும்பி வந்தா குடா முழுக்கச் சாம்பல்."

"யாருக்காவது...?"

"என் பொண்டாட்டி. இடாலியா. காய்ச்சல்னு வீட்டுல படுத்திருந்தா. நானும் போகலேன்னுதான் சொன்னேன். 'போய்யா, போய் எனக்குச் சங்குக்கறி எடுத்துட்டு வா'ன்னு அவதான் தொரத்திவிட்டா." அவர் கடலைப் பார்த்தார். "எடுத்துட்டுத்தான் வந்தேன். எலையில பொட்டலம் கட்டி. அடுப்புலேர்ந்து தீ பிடிச்சதுன்னு போலீஸ் எழுதிச்சு."

வெர்னிஸால் அடக்க முடியவில்லை. மரத்தடியில் கண்டதையும் கேட்டதையும் அப்படியே சொன்னாள். தலைக்கட்டைச் சொன்னாள். தாழ்ப்பாளைச் சொன்னாள்.

எல்ரிக் எஞ்சினை நிறுத்தினார். படகு தானாக ஆடியது. அவர் கையில் வைத்திருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"தட்டியிருப்பா" என்றார் கடைசியில். "அவ கை பலமான கை. சும்மா இருந்திருக்க மாட்டா. தட்டியிருப்பா."

"நான் இந்த எடமே வேணாம்னு எழுதிடறேன் அங்கிள்."

அவர் நிமிர்ந்தார். அந்தக் கண்ணில் ஈரமில்லை.

"வேணாம் மிஸ். கட்டுங்க."

அவள் வேறு குடாவைப் பரிந்துரைத்துத்தான் பார்த்தாள். அங்கே பவளப் பாறை இருக்கிறது, கொரொசோலையே முடியுங்கள் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. வெயிலில் மயங்கி ஏதோ கண்டிருப்போம் என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மேட்டில் மரப்பலகை அறைகள் வரிசையாக எழுந்தன. ஆனால் ஓரத்து அறை தச்சனுக்குத் தலைவலியானது. அவன் தாழ்ப்பாளை உள்பக்கம் அடித்துவிட்டுப் போவான். மறுநாள் அது வெளிப்பக்கம் இருக்கும்.

"எவனோ என்கிட்ட வெளையாடறான் மிஸ்" என்று கத்தினான். "கையில கெடச்சான், சுத்தியாலதான்!"

மூன்றாவது முறையும் அப்படியே இருக்கக் கண்டதும் சுத்தியலை அங்கேயே போட்டுவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

கம்பெனி மேலாளர்கள் பார்வையிட வருவதற்கு முன்னால் நிலத்துக்காரர் ஒருமுறை வந்து இடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹூபர்ட் இன்று நாளை என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சாராயக் கடையில், ஊரே கூடியிருக்கும்போது, எல்ரிக் கோப்பையை உயர்த்தினார்.

"மிஸ்டர் ஹூபர்ட்டுக்கு அந்த மண்ணுன்னா பயம்ப்பா! நண்டு கடிச்சிடும்னு பயப்படறாரு!"

கடை வெடித்துச் சிரித்தது. ஹூபர்ட்டின் கழுத்து சிவந்தது.

"யாருக்குடா பயம்? நாளைக்கே வரேன். நீயே ஓட்டு படகை."

மறுநாள் முற்பகலில் ஹூபர்ட், எல்ரிக், வெர்னிஸ் மூவரும் போய் இறங்கினார்கள். ஹூபர்ட் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. மணலில் முதல் காலை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சை விட்டுச் சிரித்தார்.

"பாத்தியா எல்ரிக்? ஒரு நண்டையும் காணோம்."

எல்ரிக் படகை மணலில் இழுத்து ஏற்றினார்.

அவர் துணிந்து மரங்களுக்கடியில் நடந்து போனார். பந்தல் இங்கே, கடை அங்கே என்று கையை வீசினார். அப்போது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மழை இறங்கியது. சட்டென்று, கொட்டும் மழை. மஞ்சினீல் இலைகளிலிருந்து தண்ணீர் வழிந்தது. "ஐயோ, எரியுதே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஹூபர்ட் ஓடினார். கண்ணை இறுக்கி மூடியபடியே மேட்டில் ஏறி, கைக்கு அகப்பட்ட கதவுக்குள் புகுந்தார்.

ஓரத்து அறை.

கதவு சாத்திக்கொண்டது.

வெர்னிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளித்தாழ்ப்பாள் தானாக நகர்ந்து விழுந்தது.

டக்.

"ஏய், யாரு?" உள்ளேயிருந்து ஹூபர்ட் சிரித்தார். "வெளையாட்டெல்லாம் அப்புறம். தெறங்க."

தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். பிறகு இருமினார்.

"பொக... பொக வருது... வெர்னிஸ்! தெறம்மா!"

வெளியே துளிப் புகை இல்லை. மழைதான் கூரையில் அறைந்துகொண்டிருந்தது. வெர்னிஸ் ஓடிப் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தாள். அலறிக்கொண்டு கையை உதறினாள். உள்ளங்கைத் தோல் இரும்பிலேயே ஒட்டிக்கொண்டது.

"அங்கிள்! நீங்க தெறங்க! அங்கிள்!"

எல்ரிக் நிதானமாக ஏறி வந்தார். தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தார். அவர் முகம் சுளிக்கவில்லை. அவருக்கு அது சுடவில்லை என்பதை வெர்னிஸ் பார்த்தாள்.

அவர் நினைத்திருந்தால் திறந்திருக்கலாம்.

உள்ளே இப்போது இரண்டு பேர் இருமினார்கள்.

"இடாலியா..." ஹூபர்ட்டின் குரல் தேய்ந்தது. "நீ உள்ள இருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா... சத்தியமா தெரியாது..."

"நான் தட்டினேன்" என்றது பெண் குரல், ரகசியம் பேசுவது போல. "நீ நின்னு கேட்டே."

எல்ரிக் கதவின் பலகையில் கன்னத்தை வைத்தார்.

பிறகு தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

வெர்னிஸ் இன்னொரு கையால் பாய்ந்தாள். கல்லை எடுத்து இடித்தாள். பலகை அசையவில்லை. உள்ளே தட்டும் சத்தம் பிறாண்டும் சத்தமானது. அதுவும் நின்றது. மழை நின்றது. தாழ்ப்பாள் தானாக விலகிக் கதவு மெல்லத் திறந்தது.

புதுப் பலகையின் வாசனை. ஹூபர்ட் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு கறை இல்லை, வெள்ளை வெளேரென்றிருந்தது. திறந்த வாய்க்குள் மட்டும் தொண்டைவரை கரி.

தீவின் போலீஸ் சார்ஜென்ட் லெனாக்ஸ் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு என்றார். வெர்னிஸின் கை? அது மஞ்சினீல் பால் பட்டது. வாயில் கரி? "சுருட்டு மனுஷன்மா. ஊருக்கே தெரியும்."

"சார்" என்றார் எல்ரிக். "அன்னிக்கும் நீங்கதானே வந்து பாத்தீங்க? அடுப்புலேர்ந்து பிடிச்சதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. வெந்த கதவுல வெளிப்பக்கம் தாப்பா கெடந்திருக்குமே, அதைப் பாத்தீங்களான்னு கேக்கறேன்."

சார்ஜென்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.

திரும்பும்போதும் படகை எல்ரிக்தான் ஓட்டினார். வெர்னிஸ் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"நீங்க தெறந்திருக்கலாம்."

"ஆமா மிஸ்" என்றார் எல்ரிக்.

அவ்வளவுதான் சொன்னார்.

கம்பெனி கொரொசோலைக் கைவிட்டது. வெர்னிஸ் பெரிய தீவுக்குத் திரும்பி, கைக்கட்டோடு மற்றத் திட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில வாரங்கள் கழித்து, ஒரு முற்பகலில், அலுவலகத் தொலைபேசி அடித்தது. எதிர்முனையில் சார்ஜென்ட் லெனாக்ஸ். குரலில் எரிச்சல்.

"என்னம்மா, உங்க கம்பெனி இன்னும் ஆளு அனுப்பிட்டிருக்கு? கேஸை முடிச்சாச்சுன்னு சொன்னேனே."

"நாங்க யாரையும் அனுப்பலையே சார்."

"காலையிலேர்ந்து ஒரு பொம்பளை வாசல்ல உக்காந்திருக்கா. உங்க பேரைத்தான் சொல்றா. என்கிட்ட மட்டும்தான் பேசுவாளாம். எங்கயோ பாத்த மொகமாவும் இருக்கு..."

வெர்னிஸ் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், அவங்களை உள்ள விடாதீங்க. சார், நீங்க வெளிய வந்துடுங்க. சார்!"

அவர் ஏற்கெனவே ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். தூரத்தில் அவர் குரல் கேட்டது. மரியாதையாக, யாரையோ உபசரிக்கும் குரல்.

"உள்ள வாங்கம்மா. உக்காருங்க." கொஞ்சம் இடைவெளி. "கதவை ஏம்மா சாத்தறீங்க?"