கடன் விளம்பரத்தையும் திருடியவன்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மாட்டுங்காவில் சுப்புலக்ஷ்மியின் வீட்டுக்குள் முதலில் பூலோகம் நுழைந்தான். பின்னால் ஒரு குடை. அதற்கும் பின்னால் தளவாய்.

பூலோகம் டாக்ஸி ஓட்டுபவன். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்து ஓய்வு பெற்ற சுப்புலக்ஷ்மிக்கு, தன்னை உதவியாளனாக அவனே நியமித்துக்கொண்டிருந்தான். இதுவரை அவன் அடையாளம் காட்டிய குற்றவாளிகள் அத்தனை பேரும் நிரபராதிகள். அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. அவன் யாரைச் சந்தேகிக்கிறானோ அவரை முதலில் விட்டுவிடலாம்.

தளவாய் தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருப்பவர். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"எம்மவ எழுதுன மெயிலை ஒருத்தன் அழிச்சிட்டாம்மா. யாருன்னு எனக்குத் தெரியும். அதை உங்க வாயால கேக்கணும்."

நின்றபடியே சொன்னார். ஜாதகம் பொருந்தவில்லை என்று அவர் மறுத்த கிருஷ்ணாவை மகள் மாரீஸ்வரி கட்டிக்கொண்டு புறநகர் பாண்டுப்புக்குக் குடிபோய்விட்டாள். அவள் எண்ணைத் தன் போனில் தடுத்து வைத்தார். வெளிநாட்டு ஆர்டர்களுக்காகப் பட்டறைக்கு ஒரு வெப்சைட்டும் மெயிலும் உண்டு. மகளுக்குத் திறந்திருந்த ஒரே வாசல் அதுதான். போன வெள்ளிக்கிழமை அதற்கு எழுதினாள். பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். குழந்தை பிழைக்கவில்லை. நேற்று கிருஷ்ணா பட்டறை வாசலில் நின்று, அவள் மெயில் அனுப்பிய நேரத்தைப் போனில் தூரத்திலிருந்தே காட்டினான்: வெள்ளி, பகல் பதினொன்று. பதில் போடக்கூட மனம் வரவில்லையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

பட்டறையின் மெயில் பெட்டியில் அப்படி ஒரு மெயிலே இல்லை. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இருவர்: தளவாயும் மகன் சுடலைக்கண்ணனும். தங்கை முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் அவன். அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் "பாஸ்வேர்டு மாறிட்டு" என்று வந்து சொன்னான். மத்தியானம் புதிதாக ஒன்று கொடுத்தான்.

"இன்னைக்கே அவனை வீட்டை விட்டு வெரட்டணும்" என்றார் தளவாய். "ஆனா தப்பா வெரட்டிறக் கூடாது, பாருங்க."

"பக்கா கேஸ், மாமி" என்றான் பூலோகம். சுப்புலக்ஷ்மி சுடலைக்கண்ணனை மனதுக்குள் பாதி விடுதலை செய்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பட்டறையை அடைந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஆர்டர் குவிந்து கிடந்தும் தையல் மிஷின்கள் சும்மா இருந்தன. புதுத் தோல் ஒன்று சாக்பீஸ் கோடுகளோடு மேஜையில் விரிந்திருந்தது, கத்தி படவில்லை. ஆட்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டிரைக்கா என்று பூலோகம் ஆவலாகக் கேட்டான். மூணு மணி ஆகாமல் அப்பா எதையும் தொடங்க விடமாட்டார் என்றான் சுடலைக்கண்ணன், மடிக்கணினியை நீட்டியபடி. கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன.

"அவகிட்ட பேச மாட்டேன்னுதான் சொன்னேன். பிள்ளை செத்துப்போகணும்னா சொன்னேன்? அப்பாவுக்கு என் மேல இவ்வளவுதான் பரோசா, இவ்வளவுதான் நம்பிக்கை."

சுப்புலக்ஷ்மி மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஏராளமான மெயில்கள்: ஜிப் வியாபாரி, துணிக்கடைத் தள்ளுபடி, உடனடிக் கடன், மறுபடியும் உடனடிக் கடன். பத்து மணிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பகல் பன்னிரண்டைத் தாண்டியதும் கடன்காரர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

"வெள்ளிக்கிழமை இதுல ஏதாவது வேலை நடந்துதா?"

அன்றுதான் வெப்சைட்டையும் மெயிலையும் புதுச் சர்வருக்கு மாற்றினார்கள் என்றான் மகன். செய்தவர் மாட்டுங்காவில் இருக்கும் பத்ரி. எல்லோரும் மறுபடி டாக்ஸியில் ஏறினார்கள். "அப்ப பத்ரிதான்" என்று பூலோகம் கியர் மாற்றினான். அப்பாவும் மகனும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பத்ரியின் ஆபீஸ் ஓர் ஓட்டலின் மாடியில் இருந்தது. கீழிருந்து சாம்பார் வாசனை வந்தது, யாருக்கும் பசியில்லை. பத்ரி பதறினான்.

"ஒரு மெயில்கூடப் போகலை மாமி. காலம்பற எல்லாத்தையும் காப்பி பண்ணி, டேலி பார்த்து முடிக்கறச்சே பத்தரை. நடுவுல யாரும் உள்ள வந்து குழப்பக் கூடாதுன்னு பழைய பாஸ்வேர்டைக்கூட மாத்தினேன். வேலை முடிஞ்சப்புறம் புதுசு கொடுத்தேன்."

தளவாய் மகனைப் பார்த்தார். மகன் பார்க்கவில்லை.

"உக்காருங்கோ" என்றார் சுப்புலக்ஷ்மி. "தங்கை மேல கோபம் இருக்கறவன் தங்கையோட மெயிலை அழிப்பான். கடன் விளம்பரத்தை எதுக்கு அழிக்கணும்? பத்து மணிலேர்ந்து பன்னண்டு மணி வரைக்கும் ஒரு குப்பைகூட இல்லை. அவ்வளவு சுத்தமா யாரும் திருட மாட்டா. அந்த நேரத்து மெயில் எதுவும் இந்தப் பெட்டிக்கு வந்தே சேரலை."

பிறகு பத்ரியிடம் கேட்டார். மற்ற வாடிக்கையாளர்களுக்குக் காப்பி எடுத்த கையோடு விலாசத்தையும் புதுச் சர்வருக்குத் திருப்பிவிடுவதுதான் அவன் வழக்கம்.

"இவருக்கு மட்டும் ஏன் காத்திண்டிருந்தாய்?"

பத்ரி தளவாயைப் பார்த்தான்.

"நான் சொல்றேன்" என்றார் சுப்புலக்ஷ்மி, குரல் தணிந்திருந்தது. "இன்னிக்கு மூணு மணி வரைக்கும் உங்க பட்டறைல தோல்ல கத்தி வைக்கலை. வியாழக்கிழமை ராகுகாலம். வெள்ளிக்கிழமைன்னா பத்தரைலேர்ந்து பன்னண்டு. அது முடியாம புதுச் சர்வருக்குத் திருப்பப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"புது எடம்..." என்றார் தளவாய். "நல்ல நேரத்துல போவணும்லா."

"வீடு மாத்தற மாதிரிதான். சாமானெல்லாம் காலம்பறவே லாரில போயாச்சு. தபால்காரருக்குப் புது விலாசம் சொன்னது பன்னண்டு மணிக்கு மேல. நடுவுல வந்த கடிதமெல்லாம் பூட்டின பழைய வீட்டுக்குள்ள விழுந்துடுத்து. இன்னொரு தரம் போய் அள்ளிண்டு வந்திருக்கணும், பத்ரி மறந்துட்டான். யாரும் எதையும் அழிக்கலை."

பத்ரி தலையில் கை வைத்துக்கொண்டான். பழைய சர்வரின் வாடகை இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. அதன் பிறகு அதைத் துடைத்துவிடுவார்கள். அவசரமாக அதற்குள் நுழைந்தான். அங்கே கடன் விளம்பரங்களுக்கு நடுவில் மாரீஸ்வரியின் பெயர், தடித்த எழுத்தில் இருந்தது.

சுடலைக்கண்ணன் விரலைக் கொண்டுபோனான். சுப்புலக்ஷ்மி தடுத்தார்.

"முதல்ல இதைப் போட்டோ எடு. தடிச்ச எழுத்துன்னா யாரும் திறக்கலைன்னு அர்த்தம். உங்கப்பாவுக்கு வேற சாட்சி கிடையாது."

எடுத்தான். பிறகு திறந்தான். ஆங்கில எழுத்தில் அடித்திருந்த தமிழை, தளவாய்க்காக அவனே வாசித்தான்.

"அப்பா, பிள்ளைக்குத் துடிப்பு சரியில்லைன்னு டாக்டர் சொல்லுதாங்க. ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரில சேரச் சொல்லிருக்காங்க. பயமா இருக்கு. இப்போ ராகுகாலம். நீங்க ஒரு வேலையும் தொடாம போனைப் பாத்துட்டு சும்மாதான் இருப்பீங்க. அதான் இந்த நேரம் பாத்து எழுதுதேன். வருவீங்களாப்பா? அண்ணன் கோவப்பட்டா அவனையும் கூட்டிட்டு வாங்க."

கடைசி வரியை அவன் இரண்டு தடவையில்தான் முடித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை தளவாய் சும்மாதான் இருந்தார். போனும் கையில்தான் இருந்தது. பெட்டி மட்டும் பூட்டியிருந்தது. மகன் பக்கம் திரும்பி, "ஏல, உன்னையப் போயி..." என்று தொடங்கினார். "விடுங்கப்பா" என்றான் மகன்.

பாண்டுப்புக்குப் பூலோகம் மீட்டர் போடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக யாரையும் சந்தேகிக்கவும் இல்லை.

கதவைத் திறந்த கிருஷ்ணா வழி விடவில்லை. சுடலைக்கண்ணன் போனை நீட்டினான். கிருஷ்ணா போட்டோவைப் பார்த்தான். பிறகு போனை உள்ளே கொண்டுபோனான். படிக்கட்டு ஈரத்தில் நால்வரும் நின்றார்கள். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. பிறகு அழுகை. பிறகு எதுவும் இல்லை.

கிருஷ்ணா திரும்பி வந்து போனைக் கொடுத்தான்.

"பாத்துட்டா. நம்புதா. ஆனா இன்னைக்கு முகத்தைப் பாக்க முடியாதாம். கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லுதா."

சுப்புலக்ஷ்மி ஒரு படி கீழே இறங்கி நின்றார். கண்டுபிடித்துச் சொன்னால் முடிந்துவிடும் என்பது இன்சூரன்ஸில் மட்டும்தான்.

தளவாய் தலையை ஆட்டினார்.

"சரி, மாப்ள. அவ சாப்பிட்டாளான்னு மட்டும் பாத்துக்கோங்க."

கிருஷ்ணா கைப்பிடியில் கை வைத்தபடி நின்றான். பட்டறைக்காரரிடமிருந்து மாப்ள என்ற வார்த்தையை இதற்கு முன் அவன் கேட்டதில்லை.

"காலைல கொஞ்சம் கஞ்சி குடிச்சா, மாமா" என்றான்.