படத்தில் காண்பவை அனைத்தும் சேர்த்தி

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, ஒருவன் தனக்கு வேண்டாததை இன்னொருவன் ஆசைப்பட்டு வாங்கும்படி செய்த மகத்தான கலையின் வரலாறே ஆகும். 'இணைய ஏலத்தில் முதன்முறை விற்பவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்' என்ற கட்டுரை இப்படித்தான் தொடங்கியது. அதை எழுதி, அடுக்குமாடிக் குடியிருப்பின் நாற்பத்தெட்டு வீடுகளுக்கும் கைபேசியில் அனுப்பிவைத்த ஓய்வுபெற்ற சூப்ரண்டு, அதுவரை தம் வாழ்நாளில் பழைய பேப்பர்கூட விற்றதில்லை. அதையும் மனைவிதான் எடைக்குப் போடுவாள்.

கீழ்வீட்டுப் பல் டாக்டர் லிஃப்டில் வைத்து, "நீங்க இதுவரைக்கும் என்னல்லாம் வித்திருக்கீங்க சார்?" என்று கேட்டுத் தொலைத்தார். சூப்ரண்டு மேலே ஏறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்று மாலையே படுக்கையறையின் பழைய இரும்பு பீரோ ஏலத்துக்குப் போயிற்று. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடிவு.

முதல் கேள்வி வெள்ளிக்கிழமை காலை வந்தது. மேஜைமேல் இருந்த கைபேசி, கூட்டத்தில் பேச அனுமதி கேட்பவர் மாதிரி மெல்ல ஒரு தரம் கனைத்தது. சூப்ரண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோப்பில் கையெழுத்துப் போடும் தோரணையில் திறந்தார்.

'இடது முழங்கால் மடக்கும்போது சத்தம் வருமா?'

பீரோவுக்கு முழங்கால் கிடையாது. வேறு யாருக்கோ போக வேண்டிய கேள்வி வழி தவறி வந்துவிட்டது என்று முடிவு செய்தார். ஆனால் எந்தக் கேள்விக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் எழுத வேண்டும் என்பது அவருடைய ஏழாம் அறிவுரை. 'வராது' என்று எழுதிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். இடது முழங்கால் 'கடக்' என்றது.

கைபேசி கனைத்தது.

'வருகிறதே.'

மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"யாரோ தெரிஞ்சவங்கதான் விளையாடறாங்க," என்றாள். "பல் டாக்டரா இருக்கும்."

"என் முழங்காலப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

"அந்தச் சத்தம் மூணு மாடிக்குக் கேக்கும். எங்க, நாம போட்ட படத்தக் காட்டுங்க."

படத்தில் பீரோ இருந்தது. பொருளின் அளவு வாங்குபவருக்குப் புரிய, பக்கத்தில் தெரிந்த பொருள் ஒன்றை வைத்துப் படம் எடுக்கவும் என்று நான்காம் அறிவுரை சொல்கிறது. பீரோவின் பக்கத்தில், வலக்கையை அதன் தோள்மேல் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, சூப்ரண்டு நின்றிருந்தார்.

"ஒரு பக்கெட் வச்சா போதும்னு நான் அப்பவே சொன்னேன்."

"பக்கெட்டா? பாக்கறவனுக்கு ஒரு மரியாதை வர வேணாமா?"

"பீரோ மேலயா, உங்க மேலயா?"

மதியம் படுத்தவருக்குத் தூக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. ஜன்னல் திரை காற்றில் உள்வாங்கி, சட்டத்தில் ஒட்டி, மறுபடி விம்மியது. பீரோவுக்குள்ளிருந்து பாச்சை உருண்டையும் துருவும் பழைய கம்பளியும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவி, அவருடைய நாக்கில் வந்து உட்கார்ந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது, ஒவ்வொரு சொட்டுக்கும் இடையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல அமைதி நீண்டது. கண் விழித்தபோது கைபேசியில் மூன்று கேள்விகள் இருந்தன. மூன்றுக்கும் பதில்களும் இருந்தன.

'இரவில் எத்தனை முறை எழுந்திருக்கும்?' - 'மூன்று.'

'மேல்வரிசைப் பற்கள் சொந்தமா?' - 'இல்லை.'

'தனியாக விட்டால் பேசுமா?' - 'பேசும். யாரும் கேட்காவிட்டாலும் பேசும்.'

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க, அதான் நானே எழுதிட்டேன்," என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "குறைய மறைக்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க?"

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்குபவரின் பழைய வரலாற்றைப் பார்க்காமல் விற்காதீர்கள் என்பது எட்டாம் அறிவுரை. எழுதியவரே அப்போதுதான் முதன்முறையாக அதைக் கடைப்பிடித்தார். கேள்வி கேட்டவரின் பக்கத்தைத் திறந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கொள்முதல்கள். அத்தனையிலும் ஐந்து நட்சத்திரம். அவர் வாங்கிய பொருள்களின் படங்கள் வரிசையாக வந்தன. ஒரு தையல் மெஷின். அதன் முன் உட்கார்ந்து முறுவலிக்கும் ஒரு பெண். ஒரு சைக்கிள், அதன்மேல் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியிருக்கும் வழுக்கைத் தலைக்காரர். ஒரு சாப்பாட்டு மேஜை. அதன் விளிம்பைத் தடவிக் காட்டும் ஒரு கிழவரின் பாதி உடம்பு. ஒவ்வொன்றின் கீழும் விற்ற வீட்டாரின் பாராட்டு இருந்தது. 'சொன்ன நேரத்துக்கு வந்தார்கள்.' 'சத்தமில்லாமல் எடுத்துப்போனார்கள்.' 'இப்போது வீட்டில் நல்ல இடம்.'

விளம்பரத்தை நீக்கப் பார்த்தார். ஏலம் கேட்கப்பட்டுவிட்டதால் நீக்க இயலாது என்று தளம் சொன்னது. படத்தை மாற்றவும் இயலாது.

சனிக்கிழமை பாதி நாளைத் தளத்தின் உதவி எண்ணில் செலவழித்தார். வாத்திய இசை முடிந்து ஒரு பெண்குரல் வந்தது. தூக்கம் கெடாத, மிகவும் மரியாதையான குரல்.

"படத்துல காண்பவை எல்லாமே சேர்த்திதான் சார். சேர்த்தி இல்லன்னா விளம்பரத்துல எழுதணும். நீங்க எழுதல."

"நான் மனுஷன்மா."

"எந்தப் பிரிவுல போட்டிருக்கீங்க சார்?"

"வீட்டு உபயோகப் பொருள்."

"அப்ப சரியாத்தான் சார் இருக்கு."

"உங்க மேலதிகாரியக் கூப்பிடும்மா. நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

சற்று நேரம் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

"தெரியும் சார். உயரம் அஞ்சடி ஆறு. எடை மட்டும் போடாம விட்டுட்டீங்க. இப்பச் சொல்றீங்களா?"

தொடர்பைத் துண்டித்தார்.

ஞாயிறு நாலரை மணிக்கு, இருபது வருஷமாக எட்டிப் பார்க்காத தங்கை வீட்டுக்கு ஒரு நடை போய்வருவதாக மனைவியிடம் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்பெல்லாம் எங்கே, எப்போது, எதற்கு என்று மூன்று கேள்வியாவது வரும். மேகம் மூடி, கூடத்தில் வெளிச்சம் கழுநீர் நிறத்தில் தேங்கியிருந்தது. செருப்பை மாட்டினார். வாசல் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நடந்தார். பாச்சை உருண்டை வாசனை வந்தது. நிமிர்ந்தால், படுக்கையறை. பீரோ.

மறுபடி வாசலைப் பார்த்து நடந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். சுண்ணாம்பின் சொரசொரப்பு விரலடியில் ஓடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சில்லிட்டது. வழவழத்தது. இரும்பு.

கையை எடுக்க முயன்றார். வரவில்லை.

வலக்கை பீரோவின் தோள்மேல். நெஞ்சு நிமிர்ந்து. படத்தில் இருந்தது போலவே.

"இங்க வா," என்று கூப்பிட்டார். வாய் திறக்கவில்லை. பல்லுக்குப் பின்னால் நாக்கு மட்டும் புரண்டது.

ஐந்தே முக்காலுக்கு மனைவி உள்ளே வந்தாள். கையில் ஈரத்துணி. அவரைத் தேடவில்லை. ஏதோ ஒரு மெட்டை வாய்க்குள் முனகியபடி பீரோவின் கைப்பிடியைத் துடைத்தாள். கதவைத் துடைத்தாள். பக்கவாட்டைத் துடைத்தாள். கை நிற்காமல் அப்படியே நகர்ந்து அவருடைய நெற்றியைத் துடைத்தது. கண்ணைத் துடைத்தது. திறந்திருந்த கண்ணை. எரிந்தது. இமைக்க முடியவில்லை. காதுக்குப் பின்னால் அழுக்கு இருந்திருக்க வேண்டும். அங்கே கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

துணியை மடித்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"பரவால்ல," என்றாள் தனக்குத்தானே.

ஆறு. கைபேசி கனைத்தது. அழைப்புமணியும் அப்போதே.

இரண்டு பேர். சாம்பல்நிறச் சட்டை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள்.

"இதுங்களாம்மா?"

"ஆமாம்பா. பாத்து எடுங்க. இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் பாத்து."

குமிழ் குமிழாகப் பிளாஸ்டிக் தாள். முதல் சுற்று, கால். அடுத்து, இடுப்பு. குமிழ்கள் நசுங்கும் சத்தம். முகத்துக்கு வந்தது. மனைவி மங்கினாள். கலங்கிய நீருக்கடியில் நிற்பவளாக ஆனாள். எதிலோ கையெழுத்துப் போட்டாள்.

பீரோவின் தோளிலிருந்து அவர் கையைப் பிரித்தெடுத்துத் தூக்கினார்கள். கூரை நகர்ந்தது. படிக்கட்டு. பல் டாக்டர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. டாக்டர் சுவரோடு ஒதுங்கி வழி விட்டார்.

"பீரோவ வந்து எடுத்துக்கலாம்," என்றான் ஒருவன். "இது முதல்ல ஏறட்டும்."

வண்டிக்குள் இருட்டு. ரப்பர் வாசனை. கதவு வழியே வந்த வெளிச்சத்தில் வரிசைகள் தெரிந்தன. பிளாஸ்டிக் சுற்றியவை. நின்றவாக்கில். ஆள் உயரத்தில். தையல் மெஷின் முன் உட்கார்ந்த வாக்கில் ஒன்று, மெஷின் இல்லாமல். ஒவ்வொன்றின் முகத்துக்கு நேரேயும் பிளாஸ்டிக் ஒரு சிறு வட்டமாக வெண்மை பூத்து மறைந்தது. மறுபடி பூத்தது. மூச்சு. எல்லாம் ஒரே தாளத்தில்.

அவரை ஓர் இடைவெளியில் நிறுத்தினார்கள். கச்சிதமாகப் பொருந்தியது.

ஒருவன் கைவிளக்கைச் சீட்டின்மேல் பிடித்தான். இன்னொருவன் படித்தான்.

"எத்தன பேர் கேட்டாங்களாம்?"

"ஒருத்தர்தான்."

தொடங்கிய விலையிலேயே முடிந்திருந்தது.