கணக்கு வாத்தியாரைக் காணவில்லை

கல்வி அதிகாரியின் மேஜையில் போன் அலறியது.

அவர் எடுக்கவில்லை. முதல் அழைப்பிலேயே எடுப்பது பதவிக்கு அழகில்லை என்பது அவருடைய கொள்கை.

மறுபடி அலறியது... எடுத்தார்.

"உங்க கணக்கு வாத்தியாரைக் கடத்திட்டோம்." ஒரு பெண் குரல். பதற்றமே இல்லாத குரல்.

"எந்த வாத்தியார்? இந்த மாவட்டத்துல பாதி பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாரே கிடையாதேம்மா."

"உங்க ஆபீஸ்லயே உட்கார்ந்திருப்பாரே... அவர்."

அதிகாரியின் விரலிலிருந்து பேனா நழுவியது.

புள்ளி!

ஆபீஸில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். படிப்பால் கணக்கு ஆசிரியர். பிழைப்பால் புள்ளிவிவரம். மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எத்தனை பேர் செருப்பில்லாமல் வருகிறார்கள் என்பதையெல்லாம் சதவிகிதமாக்கி, கலர் கலராகப் படம் போடுவார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மேலிடம் நிதி ஒதுக்கும்.

"எவ்வளவு வேணும்?" என்றார் அதிகாரி, வறண்ட குரலில்.

"எது?"

"பணம்மா. கடத்தினா பணம் கேக்கறதுதானே முறை."

"உங்ககிட்டயா? கேட்டா 'நிதி வரலை'ன்னு எழுதி அனுப்புவீங்க. பணமெல்லாம் வேண்டாம். ஆளை நாங்களே வச்சுக்கறோம். சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

லைன் துண்டிக்கப்பட்டது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கஞ்சி போட்ட காக்கி, அதைவிட விறைப்பான பெண்மணி. பின்னாலேயே தொப்பையைத் தாங்கிக்கொண்டு ஏட்டு.

வாசலில் நின்ற வாட்ச்மேன்தான் ஒரே சாட்சி.

"டீ குடிக்க வெளிய வந்தார் மேடம். ஒரு வேன் வந்து நின்னுச்சு. ரெண்டு பேர் இறங்கி, 'கணக்கு சார் நீங்கதானே'ன்னாங்க. இவரு அப்படியே பூரிச்சுப் போயிட்டாரு. அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காச்சு. ஏறிட்டாரு."

"மல்லுக்கட்டலையா?"

"வேன் கதவைச் சாத்தினதே அவர்தான்."

"நீ வாட்ச்மேன்தானே? தடுக்கக்கூடாதா?"

"நான் வாட்ச்மேன் இல்லீங்க மேடம். விளையாட்டு வாத்தியார். இங்கே மாற்றுப்பணி."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "அப்ப அதோ காரைத் துடைச்சிட்டு இருக்கறவர்?"

"அறிவியல் வாத்தியார். சாரோட கார் அவர்தான் ஓட்டறார்."

இன்ஸ்பெக்டர் மெதுவாக அதிகாரி பக்கம் திரும்பினார்.

"ஆள் பற்றாக்குறை மேடம்," என்றார் அதிகாரி.

"எங்கே?"

"கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது ஒரு மாதிரி கேட்டிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"அவர் சம்சாரம் எங்கேயோ மலைப்பக்கம் வேலை பார்க்கறாங்களாம். லைன் கிடைக்கலை. மேடம், எப்படியாவது இன்னிக்குள்ள ஆளைப் பிடிச்சிடணும். நாளைக்கு நிதிக் குழு வருது. அறிக்கை அவரோட கம்ப்யூட்டர்ல இருக்கு. பாஸ்வேர்டு அவரோட தலையில இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "அதோட... நாளன்னிக்குக் கணக்குப் பரீட்சை. சாயந்திரம் சாயந்திரம் அவர்தான் சொல்லிக் கொடுக்கறார்."

"யாருக்கு?"

"என் பையனுக்கு."

"ஓ... அரசுப் பள்ளியில படிக்கறானா?"

"சேச்சே," என்றார் கல்வி அதிகாரி, நிஜமாகவே புண்பட்டு.

போன் வந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடத்தல்காரி சொந்த போனிலிருந்தே பேசியிருந்தாள். டவர், மலை உச்சியைக் காட்டியது.

ஜீப் ஏறியது. தார் ரோடு ஜல்லி ரோடாயிற்று. ஜல்லி ரோடு வெறும் ஜல்லியாயிற்று. கல் குவாரியின் வெள்ளைத் தூசி ஏட்டின் மீசையில் படிந்து வயதைக் கூட்டியது. ரோட்டோரம் இரண்டு பெண்கள் கல் சுமந்துகொண்டிருந்தார்கள். பள்ளிச் சீருடைப் பாவாடை, மேலே அப்பாவின் சட்டை.

குவாரியைத் தாண்டி ஒரே ஒரு கட்டடம். பாதிக் கூரை ஓடு, பாதி தார்ப்பாய்.

உள்ளேயிருந்து ஓர் ஆணின் அலறல்...

"முடியாது... என்னால முடியாது. எத்தனை தடவை சொல்றது?"

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார். ஏட்டு வழக்கம்போல அவருக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்றார். ஒரே உதை... கதவு திறந்ததோடு நிற்காமல் கழன்றும் விழுந்தது.

"என்னால மட்டும் இல்ல, யாராலயும் முடியாது," என்று முடித்தார் புள்ளி, கரும்பலகையைத் தட்டி. "பூஜ்யத்தால வகுக்கவே முடியாது."

கையில் விலங்கில்லை, சாக்பீஸ். எதிரே தரையில் பெரியதும் சின்னதுமாகப் பிள்ளைகள். துப்பாக்கியைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து, "வணக்கம் மேடம்," என்றார்கள்.

அடுத்த தடுப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். முந்தானையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். போன் பண்ணினதும் நான்தான். கதவை நீங்களே மாட்டிக் கொடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு அதுக்கு நிதி கிடையாது."

"இது கடத்தல் கேஸ்மா. விளையாட்டு இல்லை."

"எங்கேர்ந்து எங்கே மேடம் கடத்தினேன்? அவருக்குப் போஸ்டிங் இந்தப் பள்ளிக்கூடம். மாசாமாசம் சம்பளம் இந்தப் பள்ளிக்கூடத்துப் பேர்லதான் வாங்கறார். பிள்ளைங்களோட அப்பாமார் வேன் பிடிச்சு, வேலைக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

"சம்மதம் கேக்காம ஆளைத் தூக்கினா கடத்தல்தான்."

"கட்டின புருஷனைத் தூக்கினாலுமா?"

ஏட்டு வாயைத் திறந்தார். தூசி உள்ளே போனதும் மூடிக்கொண்டார்.

புள்ளி தரையைப் பார்த்து நின்றார். கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை. பிறகு மாற்றுப்பணி. பிறகு மாதம் ஒரு ஞாயிறு. பிறகு போனில் குடும்பம்.

"போன வருஷம் பத்தாவதுல ஒருத்தரும் கணக்குல தேறலை," என்றாள் ஹெட்மிஸ்ட்ரஸ். "நான் படிச்சது தமிழ். கணக்கை நானும் பிள்ளைங்களும் சேர்ந்துதான் கத்துக்கிட்டோம். சேர்ந்துதான் தோத்தோம். வர்ற வழியில கல் சுமக்கற ரெண்டு பேரைப் பார்த்திருப்பீங்க. நல்லா படிச்ச பொண்ணுங்க மேடம். இவர் என்ன பண்ணுவார்? வரணும்னு துடிக்கறார். அந்த அதிகாரிதான் விட மாட்டேங்கறார்."

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரின் செல் ஒலித்தது. அதிகாரி. ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஆள் கிடைச்சாச்சு சார். ஆனா நீங்கதான் அவரை விட மாட்டேங்கறீங்கன்னு..."

"நானா? நான் என்ன சங்கிலி போட்டா கட்டி வச்சேன்?" அதிகாரியின் குரல் தார்ப்பாய்க்கடியில் கணீரென்று ஒலித்தது. "வருஷா வருஷம் 'மலைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க சார்'னு வந்து நிக்கறதே அவர்தான்."



ஹெட்மிஸ்ட்ரஸ் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

"நிஜமா?"

"அங்கே... ஏ.சி. ரூம்... டீ வேளாவேளைக்கு வந்திடும்... கொஞ்சம் பழகிடுச்சு."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. முந்தானையை உதறினாள். இருவருக்கும் நடுவில் சுண்ணாம்புத் தூள் கொஞ்ச நேரம் வெள்ளையாகப் பறந்தது.

"மேடம், வாத்தியாரை நான் விட மாட்டேன். புருஷன் வேணா ஜீப்புல ஏறிக்கட்டும்."

சட்டப்படி இதை எப்படிச் செய்வது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. புள்ளியிடம் போனார். "சார், உங்க வாயால சொல்லுங்க. வரேன்னா கூட்டிட்டுப் போறேன். இருக்கேன்னா கேஸை மூடிடறேன்."

"ஏறிடுய்யா," என்றது போன். "உன் ரூமுக்குப் புது ஏ.சி. சொல்லியிருக்கேன்."

புள்ளி ஜீப்பைப் பார்த்தார். அதன் சீட்டைப் பார்த்தார். நிஜமாகவே ஓர் அடி எடுத்து வைத்தார்.

"சார்..."

முன் வரிசையில் ஒரு பெண். மடியில் தம்பிப் பாப்பா. தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரும் மாணவிகள்: அறிக்கையில் அதற்கு அவர் ரோஸ் கலர் கொடுத்திருந்தார். அந்த ரோஸ் கலர் இப்போது பாப்பாவின் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தது.

"அப்ப பூஜ்யத்தைப் பூஜ்யத்தாலயே வகுத்தா சார்?"

புள்ளி நின்றுவிட்டார். இத்தனை வருஷ ஆபீஸில் அவரிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை. விடையைச் சொல்லி, அதற்கேற்ற கணக்கைத்தான் கேட்பார்கள்.

"அது..." என்றார். குரல் பிசிறியது. "அது ரொம்ப அழகான இடம்மா. உட்காரு. சொல்றேன்."

கரும்பலகைப் பக்கம் திரும்பினார். இன்ஸ்பெக்டர் போனை அணைத்தார்.

சாயந்திரம் பிள்ளைகள் போன பிறகு, "நான் எங்கே படுக்கறது?" என்று மனைவியிடம் கேட்டார் புள்ளி.

"ஸ்டோர் ரூம்ல உடைஞ்ச பெஞ்சு நிறைய இருக்கு. தேர்ச்சி விகிதம் ஏறட்டும், அப்புறம் வீட்டைப் பத்திப் பேசலாம்."

மறுநாள் நிதிக் குழு வந்தது. அறிக்கை இல்லாததால் வேறு வழியில்லாமல் மலைப் பள்ளியையே நேரில் போய்ப் பார்த்தது. வழி கேட்டபோது அதிகாரிக்குத் தெரியவில்லை. ஓடு மாற்ற நிதி வந்ததா என்றால், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொல்வதற்கு நிதி தேவையில்லை.

அடுத்த வாரம் அறிவியல் வாத்தியாரைக் காணவில்லை. கார் நடுரோட்டில் சாவியோடு நின்றது. அதற்கு மறுநாள் விளையாட்டு வாத்தியார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஊரிலிருந்து வேன். அதிகாரி தன் கேட்டைத் தானே திறந்து, காரைத் தானே ஓட்டி, பையனுக்குக் கணக்கும் தானே சொல்லிக் கொடுத்தார். பையன் பெயிலானான்.

"புகார் கொடுத்திருக்கார்," என்று ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எல்லாரும் அவங்கவங்க வேலை பார்க்கற இடத்துல பத்திரமா இருக்காங்க. எந்தச் சட்டத்துல பிடிக்கறது? என்ன ஏட்டு, ஜன்னலையே பார்த்துட்டு இருக்கீங்க?"

ஏட்டு திரைச்சீலையை மெல்ல இழுத்து மூடினார்.

"மலைமேல ஒரு போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கு மேடம். அங்கேதான் எனக்குப் போஸ்டிங். வெளியே ஒரு வேன் நிக்குது... நான் பின்பக்கமா வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"